இலையைக் கண்டால் விடாதவர்

விஞ்ஞானிகளில் ஒரு ரகம் உண்டு. உங்கள் வீட்டுக்கு வந்தால் உங்களைப் பார்க்க மாட்டார்கள், உங்கள் செடியைப் பார்ப்பார்கள். சோலார் தகடுகளில் பூசும் நுண்துகள்களைக் காட்டமான ரசாயனம் எதுவும் இல்லாமல், வெறும் இலைச்சாற்றைக் கொண்டே தயாரித்து உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பியவர்கள். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் யார் வீட்டு இலை?

நம்ம பேராசிரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தோட்டத்தை மொட்டையடித்து, தெருவோரச் செடிகளையும் ஒரு வழி பண்ணி, எல்லாவற்றையும் வீட்டு மிக்ஸியில் அரைத்து, மனைவி அதைக் கழுவப் போனால் "ஐயோ, அது சாம்பிள்!" என்று அலறி, கடைசியில் மனைவியின் அக்கா ஆசை ஆசையாக வளர்த்த ரோஜாச் செடிகளைக் குச்சி குச்சியாக நிறுத்திவிட்டு வந்தவர். அன்றோடு அக்கா தங்கை பேச்சு நின்றது.

வெகுநாள் கழித்து அக்காவே மனமிறங்கித் தன் புது வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"கைய பாக்கெட்டுக்குள்ளயே வெச்சிக்குங்க," என்றாள் மனைவி வாசலில். "எங்கக்கா மறுபடி பேசாம போனா, நான் உங்ககூடப் பேச மாட்டேன்."

மனிதருக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. மனைவி போனை எடுத்து, அக்காவின் பெயரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். நல்ல பிள்ளையாக ஹாலில் உட்கார்ந்தார். எதிரே தொட்டியில் தளதளவென்று ஒரு செடி. என்ன பச்சை! என்ன பளபளப்பு! பூச்சி அரித்த இலை ஒன்றாவது உண்டா? தண்ணீர் குடித்தார். மின்விசிறியைப் பார்த்தார். சமையலறையில் சகோதரிகள் பேசிக்கொள்ளும் சத்தம் கேட்டது. ஒரே ஒரு இலைதானே?

இழுத்தார். வரவில்லை. முறுக்கி இழுத்தார். செடி தொட்டியோடு வந்து மடியில் விழுந்தது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். மனைவியின் முகம் வெளிறிப்போனது.

"சகலை, அது பிளாஸ்டிக்," என்றார் அக்காவின் கணவர். "வீடு பூரா அதுதான். நீங்க வர்றீங்கன்னு இவதான் வாங்கி வெச்சா."

சுற்றுச்சூழலைக் காக்கப் புறப்பட்டவருக்குப் பயந்து ஒரு வீடே பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தது! காது மடல்வரை சிவந்து, செடியைக் கைக்குழந்தைபோல அணைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தவர், திடீரென நிமிர்ந்தார்.

"அக்கா, பிளாஸ்டிக்லேர்ந்துகூட நுண்துகள் எடுக்கலாம், தெரியுமா?"

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் முட்ட, தங்கையின் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"தொட்டியோட எடுத்துட்டுப் போங்க! இவள மட்டும் நாலு நாள் இங்க விட்டுட்டுப் போங்க."

நீங்களும் சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் இதைப் படிக்கும்போதே ஜன்னலோரச் செடியை ஓரக்கண்ணால் பார்த்து, 'இதுலயும் கரண்ட் வருமோ?' என்று நினைத்தீர்களே, எனக்குத் தெரியாதா?

முதலில் அந்த இலையிலிருந்து கையை எடுங்கள்.