பூசணிக்காய்க்கு வந்த கத்தி

கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி சுப்பிரமணி ஒரு கத்தியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது தணிகைவேலுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம்தான். அடடா, செல்போனில் பார்த்ததைவிட நேரில் எவ்வளவு அழகாக இருக்கிறது! கறுப்புப் பிடி, அதன் ஓரத்தில் ஆரஞ்சுக் கோடு, முனையை நோக்கி நிதானமாக வளைந்து போகும் அலகு.

பயம் அதற்கடுத்ததாக வந்தது. ஏனென்றால் சுப்பிரமணியின் தலைக்கு நேர் மேலே பலகை ஒன்று தொங்கியது. "கூரிய ஆயுதங்களை உள்ளே கொண்டுவரக் கூடாது. மீறினால் கடும் நடவடிக்கை." கீழே மேனேஜர் பச்சையப்பனின் கையெழுத்து.

"யாரும் கிட்ட வராதீங்கோ!" என்று சுப்பிரமணி கத்தினார். "பார்சல்ல கத்தி வந்துகீது! மேல ஃபோன் போட்டுட்டேன். மேனேஜர் சாரு வந்துகினே கீறாரு!"

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் குழாய் செய்யும் அந்தக் கம்பெனியில் தணிகைவேல் ஃபிட்டர். கடந்த மூன்று மாதமாக அவன் கத்தியைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. மடக்குக் கத்தி வேலைக்காகாது, மடக்காத கத்திதான் காட்டுக்கு ஏற்றது, உறையோடு வர வேண்டும், அலகு இரும்பு பிடியின் கடைசி வரைக்கும் ஓட வேண்டும் என்று அத்தனையும் வீடியோ பார்த்தே படித்திருந்தான். இத்தனைக்கும் அவன் இதுவரை எந்தக் காட்டுக்கும் போனதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் நண்பன் லோகுவோடு ஆந்திர எல்லையில் இருக்கும் மலைக்கு முதல்முறையாகப் போகிறான். கல்யாணமான பிறகு தனக்கென்று அவன் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் இந்தக் கத்தி. அதுவும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது.

வீட்டு விலாசத்துக்கு வரவழைத்திருக்கலாம். ஆனால் மனைவி கல்பனா, "அருவாமனை கீது, வெங்காயம் அரியற கத்தி கீது, இது இன்னாத்துக்கு?" என்று கேட்பாள். அதனால் கம்பெனி விலாசத்தைக் கொடுத்துத் தொலைத்தான்.

"மாமே, உன்துதானே அது?" என்று லோகு காதில் கிசுகிசுத்தான். "மெமோ கன்ஃபார்ம். கத்தியும் பூடும்."

அதற்குள் மேனேஜர் பச்சையப்பன் மாடிப்படியில் இறங்கி ஓடிவந்தார். ஓடி யாரும் பார்த்திராத மனிதர். தொப்பை முன்னால் வர, அவர் பின்னால் வந்தார். ஷிஃப்டு மாறும் நேரம் என்பதால் கேட்டில் கூட்டம் கூடியிருந்தது.

"சார், இது வந்து..." என்று சுப்பிரமணி ஆரம்பித்தார்.

முந்திக்கொள்ளாவிட்டால் கத்தி போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்விடும் என்று தணிகைவேலுக்குப் பட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"சார்! அது ஆயுத பூஜைக்கு சார்! பூசணிக்காய்க்கு ஓட்டை போட!"

மறுநாள் ஆயுத பூஜை. வருஷா வருஷம் பூஜை முடிந்ததும் ஒரு பூசணிக்காயில் ஓட்டை போட்டு, உள்ளே குங்குமமும் சில்லறையும் கொட்டி, மேலே சூடம் ஏற்றி, கம்பெனியைச் சுற்றித் திருஷ்டி கழித்து நடுரோட்டில் உடைப்பார்கள். போன வருஷம் ரம்பப் பிளேடால் ஓட்டை போடப்போய், பிளேடு பாதியில் ஒடிந்து, அதைத் தேடி எடுப்பதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. ஆகவே இந்தப் பொய் கேட்பதற்கு அவ்வளவு மோசமாக இல்லை.

பச்சையப்பன் கத்தியைப் பார்த்தார். தணிகைவேலைப் பார்த்தார். சுப்பிரமணி திரும்பவும் வாயைத் திறந்தார்.

"சுப்பிரமணி, நீ ஒண்ணும் பேசாதே," என்று அதட்டிவிட்டு, மேனேஜர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். "ஆமா. பூஜைக்குத்தான். தணிகைவேல் சொல்றது கரெக்ட். கத்தி என் ரூம்ல இருக்கட்டும்."

தணிகைவேல் கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு ஃபிட்டரின் மானத்தைக் காப்பாற்ற, தான் கையெழுத்துப் போட்ட சட்டத்தையே மீறுகிறாரே! இப்படியும் ஒரு மேனேஜரா!

பூஜையன்று லேத் மிஷினிலிருந்து கேண்டீன் கிரைண்டர் வரை எல்லாவற்றுக்கும் மாலை போட்டிருந்தார்கள். பொரி, சுண்டல், அவல், வாழைக்கன்று எல்லாம் வந்து இறங்கின. நடுவில், சிவப்புத் துணி விரித்த பலகைமேல், சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு கத்தி படுத்திருந்தது. சந்தனம் உறைக்குள் போய்விடுமே என்று தணிகைவேல் சாமியைக் கும்பிடாமல் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பூசணிக்காய் வந்தது. "குடுங்க சார், நான் வெட்டறேன்," என்று ஆசையாகக் கை நீட்டினான். ஒரு தடவையாவது பிடித்துப் பார்த்துவிடலாம் அல்லவா?

"நான் வெட்றேன்," என்றார் மேனேஜர்.

வெட்டினார். கத்தி பூசணித் தோலுக்குள் இறங்கியதும் தெரியவில்லை, சுற்றி வந்ததும் தெரியவில்லை. வட்டமாக ஒரு மூடி மட்டும் தனியாகக் கழன்று வந்தது. கூட்டம் கை தட்டியது. அப்படிப்பட்ட கத்தியைத் தேடிக் கண்டுபிடித்த தன் கண்களைத் தணிகைவேல் மனசுக்குள் மெச்சிக்கொண்டான்.

"பாத்தீங்களா?" என்று மேனேஜர் கத்தியைத் திருப்பிக் காட்டினார். "பிடியோட கடைசி வரைக்கும் ஒரே இரும்பு. ஃபுல் டாங்னு சொல்லுவாங்க. உடையவே உடையாது."

"சாருக்குத் தெரியாத விஷயமே இல்ல மச்சி," என்று தணிகைவேல் லோகுவிடம் உருகினான். "படிச்ச மனுஷன்!"

பூஜை முடிந்ததும், "சார், கத்தியைக் கழுவி வெச்சுடறேன்," என்று பக்கத்தில் போனான்.

"பூஜையில வெச்சதை நாளைக்கு வரைக்கும் எடுத்துப் புழங்கக் கூடாதுப்பா," என்று சொல்லி மேனேஜர் கத்தியைத் தாமே மாடிக்கு எடுத்துப்போனார். அங்கே கண்ணாடி அலமாரியில், பெரியபாளையத்து பவானி அம்மன் படத்துக்குப் பக்கத்தில், அதற்கு இடம் கிடைத்தது.

விஜயதசமி லீவு முடிந்து கம்பெனி திறந்த அன்று, தணிகைவேல் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினான்.

"சார், அது கார்பன் ஸ்டீலு. சும்மா வெச்சா துரு புடிச்சிரும். ஊட்டுக்கு எடுத்துக்கினு போயி எண்ணெய் போட்டுக் கொண்டாரட்டுமா?"

பச்சையப்பன் மேஜை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே சின்ன எண்ணெய்ப் புட்டி, மஞ்சள் துணி, தீட்டுக்கல் மூன்றும் வரிசையாக இருந்தன. "காலையில வந்ததுலேருந்து ரெண்டு தடவை துடைச்சாச்சு," என்றார். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்த மாதிரி தெரிந்தது.

ஒரு தொழிலாளி கொண்டுவந்த கத்தியை இப்படிக் குழந்தை மாதிரிப் பார்த்துக்கொள்ளும் முதலாளி வர்க்கத்தை அவன் கேள்விப்பட்டதே இல்லை. கும்பிடு போட்டுவிட்டுக் கீழே இறங்கினான்.

"இப்டியே கும்பிடு போட்டுக்கினு இரு," என்று லோகு எரிந்து விழுந்தான். "நாளான்னிக்கு மலைக்குப் போவணும். கல்பனா அண்ணியோட வெங்காயக் கத்தியத் தூக்கினு வரப் போறியா? நான் ஒரு ஐடியா சொல்றேன் கேளு. திருஷ்டி கழிச்ச கத்திய கம்பெனிக்குள்ள வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லு. அலறிக்கினு எடுத்துக் குடுத்துருவாரு."

சனிக்கிழமை காலையில் தணிகைவேல் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு மாடி ஏறினான்.

"சார், சொல்றதுக்குக் கஷ்டமா கீது. அது திருஷ்டிப் பூசணிக்காய வெட்டின கத்தி. கம்பெனி மேல இருந்த கண்ணேறு அத்தனையும் அதுல ஒட்டிக்கினு இருக்குமாம். உள்ள வெச்சா மிஷினுங்களுக்கு ஆகாதாம் சார்."

பச்சையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யார் சொன்னது?"

"எங்க ஊருல பெரியவங்க சொன்னாங்க சார். வெளிய எடுத்துக்கினு போயிடணுமாம்."

"வெளியேன்னா? கம்பெனியை விட்டே வெளியேவா?"

"ஆமா சார். நானே..."

"வேண்டாம்!" மேனேஜர் கை உயர்த்தினார். அவர் முகத்தில் திடீரென்று ஒரு வெளிச்சம். "உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்? பிள்ளைகுட்டிக்காரன் நீ. நானே என் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன். எந்தக் கெடுதல் வந்தாலும் எனக்கே வரட்டும்."

நானூறு குடும்பத்தின் கண்ணேற்றைத் தன் வீட்டுக்குச் சுமந்து போகத் துணிந்த ஒரு மனிதர் முன்னால், ஒரு கத்திக்காகப் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறோமே என்று அவனுக்கு அவமானமாக இருந்தது. ஆசை ஒரு பக்கம் இழுத்தது. கறுப்புப் பிடியையும் ஆரஞ்சுக் கோட்டையும் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"சார், அது உங்க கையிலயே இருக்கட்டும் சார். உங்களுக்குத்தான் பொருத்தம். இனிமே அதப் பத்தி நான் கேக்கவே மாட்டேன்."

பச்சையப்பன் மேஜையைச் சுற்றி வந்து அவனை இறுகக் கட்டிக்கொண்டார். "தணிகைவேல், நீ செஞ்ச உதவியை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன். அன்னைக்கு கேட்ல நீ மட்டும் இல்லைன்னா..." மேலே பேச முடியாமல் அவர் குரல் உடைந்தது. "மத்தியானமே கிளம்பிப் போப்பா. பெர்மிஷன் போட்டுடறேன்."

மத்தியானம் தணிகைவேல் கேட்டை நோக்கி நடந்தபோது அவன் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல்முதலாக வாங்கிய கத்தியை ஒரு உத்தமருக்கு விட்டுக்கொடுத்தவன் அவன். மலைக்கு வெங்காயக் கத்தியே போதும். கல்பனாவிடம்கூட எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. கேட்டில் சுப்பிரமணி ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு அவனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தணிகா, உன் பேருக்கு இப்பத்தான் பார்சல் வந்துச்சு. அன்னிக்கு நம்ம மேனேஜர் சாரு அவரு பேருக்கு வரவழைச்சாரே, அச்சு அசலா அதே கத்திப்பா!"