மீனைப் படித்துவிட்டு வரவும்

பெருமாள்மலை,
நவம்பர் 12

அன்புள்ள மாப்பிள்ளை ஆக்னல் அவர்களுக்கு மாமனார் ஆண்டனி எழுதுவது. இறைவன் அருளால் இங்கே உங்கள் மாமியார் ஜோசப்பின் நலம். நான் கழுத்து நீங்கலாக நலம்.

மகளைப் பார்த்து மூன்று வருடமாகிறது, கிறிஸ்துமஸுக்கு மாலத்தீவுக்கு வாருங்கள் என்றீர்கள், சந்தோஷம். வந்தால் திமிங்கலச் சுறாவோடு நீந்தவேண்டும், அதற்கு முன் அதைப்பற்றித் தெரிந்துகொண்டு வரவேண்டும் என்று பதினான்கு பக்கம் அனுப்பியது என்ன நியாயம்? உங்களுக்குப் பெண் கொடுக்கும்போது உங்கள் பங்குச்சாமியாரிடம் மட்டும்தான் விசாரித்தேன், அதுவும் இரண்டு நிமிடம். இந்த மீனுக்கோ நீளம் ஒரு பஸ் அளவாம், வாய் அகலம் நாலடியாம், உள்ளே மூவாயிரம் பல்லாம், ஆனால் கடிக்காதாம். கடிக்காததற்கு எதற்கு மூவாயிரம்? அத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டேன்.

இருந்தாலும் மகளுக்காக, இந்தக் குளிரில், தண்ணீர் டிரம்மில் முகத்தை முக்கிப் பழகினேன். பக்கத்து வீட்டு ராஜமுருகன், "அய்யய்யோ, சார் உள்ள விழுந்துட்டாரு" என்று ஓடிவந்து காலைப் பிடித்து இழுத்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பயந்துபோன ஜோசப்பின், எனக்காக வேண்டிக்கொள்ளச் சொல்லிச் சீட்டெழுதிக் கோயில் பெட்டியில் போட்டாள். நவம்பர் மாதம் அந்தப் பெட்டி இறந்தவர்கள் பெயருக்கானது என்பது பதற்றத்தில் மறந்துவிட்டதாம். ஞாயிறு பூசையில் உபதேசியார் வாசிக்கிறார்: "சுறாமீனிடம் போகும் ஆண்டனியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக." நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன்! எவன் சிரித்தான் என்று திரும்பிப் பார்க்கவும் கழுத்து வரவில்லை. அதற்குள் செய்தி மலை இறங்கி, சாயங்காலம் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டி ஒலியுல்லா பாய் மாலையோடு வந்து நின்றார். கதவைத் திறந்ததே நான்தான். "என்னங்க, நல்லாத்தான இருக்கீங்க! மண்டில சோலி அம்புட்டும் கெடக்கு, போட்டது போட்டபடி வெரசா ஓடியாறேன்" என்று என்னையே கோபித்துக்கொண்டார். கடைசியில் மாலையை மாதா சுரூபத்துக்குப் போட்டோம்.

ஆகவே நாங்கள் வரவில்லை. மகளை நீங்களே இங்கே அழைத்து வாருங்கள். கொடைக்கானலுக்கு வர யாரும் எதையும் படிக்கவேண்டியதில்லை.

உங்களுக்கும் ஆக்ஸிலியாவுக்கும் தேவமாதா துணையிருப்பாளாக.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் மாமனார்,
ஆண்டனி

பி.கு.: நான் பல்லோடு விட்டதை ஜோசப்பின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டாள். எதிரே போய் நிற்கக்கூடாது, தொடக்கூடாது, பத்தடி தள்ளியே இருக்கவேண்டும், அதன் போக்கில் விட்டுவிடவேண்டும் என்று போட்டிருக்கிறதாம். "முப்பத்தாறு வருசமா இந்த வீட்ல அதத்தான செய்றேன், எனக்கென்ன பயம்? நீங்க இருங்க, நான் எம்பிள்ளையப் பாத்துட்டு வாரேன்" என்று பெட்டி கட்டுகிறாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள்.