தோற்கவே முடியாத படகு

நான் கம்ப்யூட்டர் டீச்சர். என் மாணவி எழுதிய புரோகிராமில் அவளுக்குத் தெரியாமல் கை வைத்தவள். இதை இனிமேலும் மறைத்துப் பயனில்லை. ஊருக்கே தெரியும்.

கிள்ளைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில், கேம் உருவாக்கும் மென்பொருளை வைத்து ஒன்பதாம் வகுப்புக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தேன்.

"பசங்க கேம் ஆடிட்டே இருக்காங்கன்னு பேரன்ட்ஸ் சொல்றாங்க மேடம். கடலூர்லேர்ந்து அதிகாரி வர்றாரு. அவருக்குப் பிடிக்கலன்னா அந்த பீரியட கணக்குக்குக் குடுத்துடுவேன்" என்றார் ஹெச்.எம்.

அவரிடம் காட்ட நான் நம்பியிருந்தது என் மாணவி ரேவதியின் கேமை. அவள் அப்பா பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவர். அவளது கேமில் தண்ணீரில் நிற்கும் சுரபுன்னை மரங்களின் வேர்களில் இடிக்காமல் படகை ஓட்ட வேண்டும். மூன்று முறை இடித்தால் ஆட்டம் முடிந்தது.

அன்று காலை நான் ஆடிப் பார்த்தேன். எட்டு தடவை ஆடி எட்டிலும் தோற்றேன். அதிகாரியும் இப்படித் தோற்றால்? (எங்கள் பள்ளியில் ஒரு பிள்ளை ஃபெயிலானால் டீச்சர்தான் விளக்கம் எழுத வேண்டும். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டிப் பழகிய கை!) 'வேரில் பட்டால்' என்று தொடங்கிய கட்டளைகளை எல்லாம் அழித்துவிட்டேன்.

அதிகாரி வந்து கேம் ஆட உட்கார்ந்தார். படகு வேருக்குள் புகுந்து, மரத்தைத் துளைத்து, கரையேறி, டிக்கெட் கவுன்டரையும் தாண்டிப் போனது. ஐந்து நிமிடம் ஆகியும் நிற்கவில்லை.

"இது எப்பம்மா முடியும்?"

ரேவதி திரையை உற்றுப் பார்த்தாள். "மிஸ், யாரோ இடிக்கிறத எடுத்துட்டாங்க!"

என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது. "சார் தோத்துடக் கூடாதேன்னு..." என்று இழுத்தேன்.

"தோக்கலன்னா அது கேமே இல்ல மிஸ். எங்கப்பா படகு மரத்து மேலயா போவும்?"

சொல்லிவிட்டு என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். "வேர்ல பட்டா ஒரு உயிர் போவும் சார். மூணும் போச்சுன்னா நிறுத்திடும்" என்று அவரிடம் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் திரும்ப எழுதினாள். நான் ஒரு மாதமாகச் சொன்னதை அவள் இரண்டே வரியில் சொன்னாள். மானம் போன அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதிகாரி அடுத்த அரை நிமிடத்தில் தோற்றார். "இரும்மா, இன்னொரு வாட்டி" என்று அவர் ஆடிய ஆட்டத்தில் டீ ஆறிப்போனது. பீரியட் எங்களுக்கே நிலைத்தது.

ரேவதி இப்போது சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவள் சொன்ன வாக்கியம் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. நான் உப்புப் போட மறந்த ரசத்தையும் ஒரு வாய் குடித்துவிட்டு "பிரமாதம்" என்பார் என் கணவர். உடனே மகள் கேட்பாள்:

"ஏம்ப்பா, இடிக்கிறத எடுத்துட்டியா?"