சுற்றும் மேசையும் கொஞ்சூண்டு மாமாவும்

பெரம்பலூரில் தொப்பை உள்ளவர்களில் பாதிப் பேரை உருவாக்கியவர் ஒரே மனிதர், எங்கள் எதிர்வீட்டுக் கொஞ்சூண்டு மாமா. அவர்மேல் எனக்குக் கோபம். அக்கா கல்யாணம் முடிந்து எட்டு மாதமாகியும் அது குறையவில்லை. நான் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினீயர். காரணங்களை எழுதி வைத்துக்கொள்ளாமல் கோபப்பட மாட்டேன். எழுதி வைத்ததைத்தான் இங்கே தருகிறேன்.

மாமாவின் சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் முப்பது வருடம் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போட்டவர். உள்ளே வரும்போது வெறும் வண்டி, வெளியே போகும்போது பாரம். ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களையும் அப்படியே பார்க்க ஆரம்பித்துவிட்டார். தெருவில் எந்த விசேஷமென்றாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் இறங்குவார். "கொஞ்சூண்டு" என்பார். அடுத்த நொடி இலையில் ஒரு குன்று இருக்கும்.

குரும்பலூரில் ஒரு காதுகுத்து. பாயசம் வேண்டாமென்று ஒருவர் இரண்டு கைகளாலும் இலையை மூடிக்கொண்டார். மாமா கைகளின்மேலேயே ஊற்றினார். "கைய எடுத்திருந்தா இலையில வுழுந்திருக்கும். தப்பு எம்மேல இல்ல" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

ஒரு கிரகப்பிரவேசத்தில், தப்பிக்க நினைத்த பேங்க் மேனேஜர் ஒருவர் போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு எழுந்தார். மாமா போனை வாங்கி, "சார் சாப்புட்டுட்டுப் பேசுவாரு, வையிங்க" என்றார். மறுமுனையில் யாருமே இல்லை என்று தெரிந்ததும் தண்டனையாக இரண்டு வடை வைத்தார். என் கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மறுபடி வரவே இல்லை.

ஆகவே, அக்கா கல்யாணத்துக்கு நான் போட்ட பட்டியலில் மாமா பெயர் இல்லை. மறந்துபோகவில்லை. வேண்டுமென்றே விட்டேன்.

"எதிர்வூட்டு ஆளுடி. அவரு இல்லாம எப்படி?" என்றாள் அம்மா.

"மொத்தமே முப்பத்திரண்டு பேரும்மா. அவரு வந்தா அறுபத்துநாலு பேர் சாப்பாடு வேணும்."

அக்காவுக்கும் அத்தானுக்கும் சின்னக் கல்யாணம்தான் வேண்டும். கோயிலில் தாலி, மதியம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் உள்ள சைனீஸ் ரெஸ்டாரண்டில் விருந்து. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் மீன்சுருட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து அக்காவைப் பார்த்ததெல்லாம் அந்த மாடியில்தான். நான்கு வட்ட மேசைகள், மேசைக்கு எட்டுப் பேர். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் ஒரு கண்ணாடி வட்டம் சுற்றும். அதில் பதார்த்தங்களை வைத்துவிட்டால் அவரவர் சுற்றி எடுத்துக்கொள்ளலாம். பரிமாற ஆள் வேண்டாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

பிடிக்காதவர் அத்தானின் அப்பா. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் மனிதர். ஊரையே கூப்பிட்டு மண்டபத்தில் நடத்த வேண்டும் என்று இருந்தவர். தாலி கட்டி முடிந்ததும் கோயில் பிராகாரத்திலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "பாத்தாச்சு. ஆனா கை நனைக்க மாட்டேன்."

பெண்வீட்டார் விருந்தில் கை நனைக்காமல் போனால் இந்தச் சம்பந்தத்தை அவர் ஏற்கவில்லை என்று அர்த்தம். அக்கா அன்று சாயங்காலமே அந்த வீட்டுக்குப் போக வேண்டியவள். மாலையோடு நின்றவள் தலையை நிமிர்த்தவே இல்லை.

அத்தான் கெஞ்சியதில், "உக்கார மட்டும் வரேன்" என்று மாடி ஏறினார்.

அந்த நேரத்தில் என் வேலைப் பட்டியல் இப்படி இருந்தது. வரிசை எண் 14: அப்பா, கீழே வண்டி நிறுத்துமிடம். 15: அம்மா, தாம்பூலப் பை. 16: நான், கவுண்டரில் நின்று சரிபார்த்தல். சூப் வந்தது. டிக். கோபி மஞ்சூரியன், நூடுல்ஸ், ஃபிரைடு ரைஸ் வந்தன. டிக், டிக், டிக்.

முதல் மேசையில் கண்ணாடி சுற்றியது. கோபி மஞ்சூரியன் சம்பந்தியைத் தாண்டி மூன்று முறை போனது. அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'சாப்பிடுங்க' என்று யாரும் சொல்லவில்லை. எல்லாம் முன்னாலேயே இருக்கிறதே, எடுத்துக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தோம். கேட்காமல் தானாக எடுத்துச் சாப்பிடும் மாப்பிள்ளையின் அப்பா எந்த ஊரில் இருக்கிறார்?

நான்காவது சுற்றில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, நான் கெளம்புறேன்." அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

அப்போது மாடிப்படியில் மாமா. டீ குடிக்க வந்தாராம். எதிர்க் கடையில் காலையிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தாராம். "சம்பந்தி சாப்புட்டாரான்னு ஒரு எட்டுப் பாரு" என்று அப்பா மேலே அனுப்பிவிட்டிருக்கிறார். கையில் மஞ்சப்பை, பைக்குள் பித்தளைக் கரண்டி. டீ குடிக்க வருகிறவருக்குக் கரண்டி எதற்கு?

நேராக முதல் மேசைக்குப் போனார். சுற்றிக்கொண்டிருந்த கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்தினார்.

"உக்காருங்க சம்பந்தி."

"வேணாங்க. கெளம்புறேன்."

"கெளம்பலாம். பஸ்சு எங்க ஓடிப்போவுது? கொஞ்சூண்டு."

"வேணாம்னு சொல்றேன்ல!"

"நல்லா சத்தமா சொல்லுங்க. கோவத்த மிச்சம் வெக்காதீங்க." தட்டில் நான்கு உருண்டைகள் விழுந்தன.

"என்னய்யா இது, போண்டாவா?"

"காலிபிளவரு. கல்யாணத்துக்குன்னு செவப்புச் சாயம் பூசிக்கிட்டு வந்திருக்கு."

"ஊரக் கூப்புடாம இதெல்லாம் ஒரு கல்யாணமா?"

"தப்புதான். பெரிய தப்பு." நூடுல்ஸ் விழுந்தது. "என்னையே கூப்புடல. எதிர்வூடு நானு."

சம்பந்தி முதல்முறையாக மாமாவின் முகத்தைப் பார்த்தார். "உங்களயுமா?"

"லிஸ்டுல இல்லியாம்."

"அடப் பாவமே!" என்று சம்பந்தி உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் மன்னித்திருப்பேன். மாமா கரண்டியோடு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, தாம்பூலப் பைக்கு ஆளு போட்ட, வண்டிக்கு ஆளு போட்ட. 'சாப்புடுங்க'ன்னு சொல்ல யாரப் போட்ட? பொண்ணப் பெத்தவன வண்டி பாக்க வுட்டுட்டியே!"

முப்பத்திரண்டு பேர் முன்னால். வேலைப் பட்டியலை ஒன்றிலிருந்து நாற்பத்தொன்று வரை வரிசையாகப் பார்த்தேன். அந்த வேலை உண்மையிலேயே யார் பெயரிலும் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

பிறகு நடந்தது அராஜகம். மற்ற மேசைகளின் பாத்திரங்களெல்லாம் முதல் மேசைக்கு வந்தன. சப்ளையர்கள் மாமாவின் பின்னால் வரிசையில் நின்றார்கள். சம்பந்தி ஒவ்வொரு கரண்டிக்கும் "வேணாம்யா, வேணாம்" என்று உற்சாகமாகச் சண்டை போட்டபடி மூன்று தட்டு சாப்பிட்டார். "அந்த நீட்டுச் சேமியா இன்னும் இருக்கா?" என்று அவரே கேட்டார். நான்காவது மேசைக்கு ஐஸ்கிரீம் மட்டும்தான் கிடைத்தது. அதில் இருந்தவர்கள் என் அலுவலகத்து ஆட்கள். இன்றுவரை கேண்டீனில் என்னைப் பார்த்ததும் தட்டை மறைத்துக்கொள்கிறார்கள்.

கை கழுவிவிட்டு வந்த சம்பந்தி அக்காவின் முன்னால் நின்றார். "வாம்மா, நம்ம வூட்டுக்குப் போவலாம்." அக்கா அழுதாள். எல்லோரும் கீழே இறங்கினார்கள்.

நான் பட்டியலை மடித்துக்கொண்டு திரும்பினேன். ஓரமாக நின்று மாமா டிஷ்யூ பேப்பரில் கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடப் பந்திகளில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவரிடம் 'சாப்பிடுங்க' என்று யாரும் சொல்லியும் பார்த்ததில்லை.

"உக்காருங்க மாமா."

"வேணாம்மா. நாலு டீ குடிச்சிருக்கேன்."

கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு தட்டை முன்னால் வைத்தேன். நூடுல்ஸ் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. மனிதர் இரண்டு கைகளாலும் தட்டை மூடிக்கொண்டார்.

"கொஞ்சூண்டு" என்று அந்தக் கைகளின்மேலேயே வைத்தேன். கோபம் தணியவில்லை. அதனால் இன்னொரு கரண்டியும்.