மாரிக்கனி வழக்குக்கு முன்தேதி கேட்ட விவரம்

அன்பு மைத்துனன் விஜயபாண்டிக்கு,

நரிக்குடியிலிருந்து அத்தான் சங்கையா எழுதுவது. திருப்பூரில் நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கே நானும் ஆடுகளும் சுகம். உன் அக்கா மாரிக்கனியைப் பற்றி எழுதத்தான் இத்தனை நாள் கை வரவில்லை.

பாலவனத்தம் ஸ்டாப்பில் தண்ணீர் லாரி இடித்து அவள் இடுப்பு ஒடிந்த வழக்கு மூன்று வருடமாகக் கிடக்கிறதல்லவா? அவள்தான் குறுக்கே ஓடினாள் என்று டிரைவர் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. “ஓரமா நின்ன என்னியப் போயி ஓடுனேங்கிறானே, கூண்டுல ஏறி நானே சொல்லணும்” என்று காத்திருக்கிறாள். விசாரணையோ வருகிற ஆடியில். இதற்குள் ஈரலில் கட்டி, பொங்கலைத் தாண்டினால் பெரிது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அவளிடம் வாயுக்கோளாறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர் சர்ட்டிபிகேட்டோடு மனுப் போட்டால் முன்னாடியே விசாரிப்பார்கள் என்றார் நம் வக்கீல் சுபத்ராம்மா. பிழைக்க வையுங்கள் என்று கும்பிட்ட அதே டாக்டரிடம், பிழைக்க மாட்டாள் என்று எழுதிக் கொடுங்கள் என்று போய் நின்றேன். தங்கமான மனிதர், ‘ஓரளவு கவலைக்கிடம்’ என்று எழுதினார். “அந்த ஓரளவை மட்டும் அடிச்சிருங்க சார்” என்றேன். அடித்தார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

நேற்று கோர்ட்டுக்குக் கூட்டிப்போனேன். நோயாளியாகத் தெரியவேண்டிய நாளில் பட்டுச்சேலை கட்டி, கனகாம்பரம் வைத்துக் கிளம்பினாள். “உடம்பு எப்படிம்மா இருக்கு?” என்றார் ஜட்ஜையா. “நல்லாருக்கேன்யா. ஒங்க வீட்ல எல்லாரும் நல்லாருக்காகளா?” என்றாள். கோர்ட்டே சிரித்தது. ஜட்ஜையா மட்டும் சிரிக்காமல் சர்ட்டிபிகேட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, உத்தரவு நாளைக்கு என்றார்.

பஸ்ஸில், “ஏன் அப்பிடிச் சொன்ன?” என்றேன். “பெரிய மனுசன் கேக்காக, வேற எப்பிடிச் சொல்ல? வாயுக்கோளாறுக்கெல்லாமா தேதி குடுப்பாக?” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மனு தள்ளுபடிதான், சந்தேகமில்லை. ஆடி வரைக்கும் அவளைப் பிடித்து வைப்பது என் பாடு. நீ லீவு போட்டு வரவேண்டாம், வந்தால் சந்தேகப்படுவாள். பிள்ளைகள் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
அத்தான் சங்கையா

பி.கு.: கவரை ஒட்டுமுன் வக்கீலம்மா போன் செய்தார். மனுவை ஏற்றுக்கொண்டார்களாம், வருகிற செவ்வாய்க்கிழமையே விசாரணை. சந்தோஷத்தில் எழுந்து நின்றேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் தேதி கொடுக்கிறார்கள் என்றால் ஜட்ஜையாவும் சர்ட்டிபிகேட்டை நம்பிவிட்டார் என்றுதானே அர்த்தம்? நான்தான் இதுவரை நம்பாமல் இருந்திருக்கிறேன். மேலே எழுதியதைப் பார்க்காதே. உடனே கிளம்பி வா.