பன்னிரண்டு ஹெல்மெட்டும் ஒரு கத்தரிக்கோலும்

என் அப்பாவை வெட்டிக் குப்பையில் போட்டவள் நான். எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் அம்மா இதைச் சொல்லிவிடுவாள். அதற்கு நானே முந்திக்கொள்வது கொஞ்சம் கௌரவம்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியரிங் முடித்துவிட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து வேலை தேடிக்கொண்டிருந்தேன். (தேடினேன் என்பது வீட்டுக்குச் சொன்னது. உண்மையில் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன்.) சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்த அப்பா ரிட்டயர் ஆக ஒரு மாதம்தான் இருந்தது. டவுன்ஷிப்பில் வேலை முடிந்தால் கூடவே வீடும் போய்விடும். நான் பிறந்து வளர்ந்த வீட்டைப் பூட்டி, சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அந்தத் துக்கத்தில்தான் அப்பாவுக்கு என் கையாலேயே ஒரு ஸ்கிராப் புக் செய்து கொடுப்பது என்று முடிவெடுத்தேன்.

வீடியோவில் ஒரு பெண் பழைய போட்டோக்களை அலை அலையாக ஓரம் வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டி, பூவும் ரிப்பனும் வைத்து ஒட்டிக்கொண்டே போனாள். பார்க்கவே கண்ணில் நீர் வந்தது. ‘ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் உயிர் இருக்காது’ என்று நானாக ஒரு தத்துவமும் சேர்த்துக்கொண்டேன். எங்கள் பிளாக் கடைத்தெருவிலேயே கலர் ஜெராக்ஸ் மெஷின் இருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

பீரோவில், அம்மாவின் பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருந்தது. நிலக்கரி வெட்டும் ராட்சத இயந்திரத்தின் முன்னால் அப்பாவின் ஷிப்ட் ஆட்கள் பன்னிரண்டு பேர். நான் பிறப்பதற்கு முன்னால் எடுத்தது. பன்னிரண்டு பேருக்கும் ஹெல்மெட், பன்னிரண்டு பேருக்கும் மீசை, பன்னிரண்டு முகத்திலும் கரித்தூள். அப்பா வேலையில் இருக்கும் ஒரே போட்டோ அதுதான். இதில் அப்பா யார் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் இது சர்ப்ரைஸ் ஆயிற்றே! நடு வரிசையில் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பெற்ற மகளுக்குத் தெரியாதா என்று அவரை இதய வடிவத்தில் வெட்டி எடுத்தேன். மீதிப் பதினோரு பேரும் தோள், கை, அரை ஹெல்மெட் என்று துண்டுதுண்டாகக் குப்பைக்கூடைக்குப் போனார்கள். மறுநாள் காலை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போனது.

இதயத்தை முதல் பக்கத்தில், தச்சர்கள் பலகை ஒட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டினேன். மேலே ஜிகினா பேனாவில் ‘என் அப்பா’ என்று எழுதினேன். முகத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டு, ‘இந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் மகளாகப் பிறந்தேன்’ என்றும் எழுதினேன். (அம்பு கூட நான்தான் வரைந்தேன். யாரையும் குறை சொல்ல வழியில்லை.)

கடைசி ஷிப்ட் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் மாலை போட்டு, வேனில் வீடுவரை கொண்டுவந்து விடுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று சாயங்காலம் கூடத்தில் நிற்க இடமில்லை. கேசரியும் போண்டாவும் சுற்றிக்கொண்டிருந்தன. காடாம்புலியூரிலிருந்து முத்துலட்சுமி அத்தையும் அவர் மகள் அரசியும் வந்திருந்தார்கள். அப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்த கலியபெருமாளின் மனைவி அவர். அரசி கைக்குழந்தையாக இருந்தபோதே கலியபெருமாள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். அவரை நான் பார்த்த நினைவே இல்லை.

அப்பா கழுத்து மாலையோடு அத்தை பக்கத்தில் வந்து நின்றார்.

“தங்கச்சி, சொன்ன மாதிரி போட்டோவை இன்னிக்கே குடுத்துடறேன்.”

“குடுங்கண்ணே. பொயல்ல ஓடு பேந்து பொட்டியெல்லாம் நனைஞ்சி, இருந்த போட்டோ அத்தினியும் கூழாப் பூட்டுது. ரெண்டு வருஷமா அவரு மூஞ்சிய மனசுலயேதான் பாத்துக்கினு இருக்கேன். இவளுக்கு அதுகூட இல்ல.”

ரிட்டயர்மென்டுக்கு அழைக்கப் போனபோதுதான் அப்பாவுக்கு இது தெரிந்ததாம். ‘என்கிட்ட ஒரு போட்டோ இருக்கு, கலியன் அதுல இருக்கான்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். இப்போது பீரோவைத் திறந்து புடவைகளைத் தூக்கிப் பார்த்தார்.

“பாப்பா, இங்க ஒரு ஷிப்ட் போட்டோ இருந்துச்சே, பார்த்தியா?”

அத்தையின் புருஷனை நான் குப்பை வண்டியில் ஏற்றி ஒரு வாரம் ஆகியிருந்தது. போண்டாவை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். பிறகு, வேறு வழியில்லாமல், ரிப்பன் கட்டிய ஸ்கிராப் புக்கைக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தேன்.

“அது இதுலதான் இருக்குப்பா. உங்களை மட்டும் வெட்டி எடுத்துட்டேன். மத்தவங்க... இல்ல.”

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு புத்தகத்தை அப்படியே அத்தையின் மடியில் வைத்தார்.

அத்தை விரலால் அந்த ஹெல்மெட்டைத் தொட்டார். “இவருதான். யம்மாடி, இவருதான்! எப்பிடிச் சிரிச்சிக்கினு இருக்காரு பாரு!”

அரசி குனிந்து, எழுத்துக்கூட்டுவது போல மெதுவாக, சத்தமாகப் படித்தாள். “என் அப்பா. இந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் நான் மகளாகப்...” அதற்குமேல் அவளால் படிக்க முடியவில்லை. நான் ஜிகினா பேனாவில் கிறுக்கியதை அவள் அழுதுகொண்டே படித்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அப்போதுதான் அப்பா கேட்டார். “அப்ப நான் எங்க?”

“குப்பையிலப்பா.”

“என்னா தனபாலு, ரிட்டயர் ஆகி ஒரு மணி நேரம்கூட ஆகல, அதுக்குள்ள வீசிட்டாங்களே!” என்றார் ஷிப்ட் நண்பர் ஒருவர். கூடமே சிரித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அத்தையும் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து நான் பின்பக்கம் போனபோது, ரோஜா மாலையோடு அவர் குப்பைத்தொட்டி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முந்தைய குப்பை அதில் இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் பார்த்தார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். போட்டோ போனதற்காக மட்டும் அழவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கும் அப்பாவைத்தான் எனக்குத் தெரியும், சுரங்கத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் முகம் எனக்குத் தெரியவே தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

“விடு பாப்பா. நான்தான் முழுசா நிக்கறேனே,” என்றார் அப்பா.

பசை உரிய மறுத்ததால் பக்கத்தையே வெட்டி அத்தையிடம் கொடுத்தோம். அந்த ஒரு வெட்டை மட்டும் அப்பாவே வெட்டினார், ஜெராக்ஸ் எடுத்த பிறகு. “நல்லவேளை, தாலி கட்டும்போது இவர் ஹெல்மெட் போடல. இல்லன்னா கல்யாண போட்டோவும் போயிருக்கும்,” என்று அம்மா அன்றைக்கு ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

அன்று முதல் அப்பா ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். எந்த குரூப் போட்டோவுக்கு நின்றாலும் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார். “பாப்பாவுக்கு அடையாளம் தெரியணுமில்ல,” என்பார். என் கல்யாண ஆல்பத்தில் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி நிற்கிறார்.

பிறகு காடாம்புலியூரில் அரசிக்குக் கல்யாணம் நடந்தது. மணமக்களுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, மாலை சாத்தி, அந்த ஸ்கிராப் புக் பக்கத்தைப் பிரேமோடு வைத்திருந்தார்கள். ஜிகினாவில் ‘என் அப்பா’, இதயத்துக்குள் கலியபெருமாள், என் அம்புக்குறி எல்லாம் அப்படியே இருந்தன. நாற்காலிக்கு நேர் பின்னால் என் அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அந்தக் கல்யாண குரூப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் பெரியவர் மணமக்களை ஆசீர்வாதம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் யாரும் இதுவரை திருத்தவில்லை.