இரண்டு வெறும் போத்தல்கள்

ஆய்வுகூடத்தில் எதிர்பாராத வெளிச்சம் ஒன்று தெரிந்தால் அறிவுள்ளவர்கள் முதலில் தங்களைச் சந்தேகப்படுவார்கள். நான் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன். என் விஞ்ஞான வாழ்க்கையின் ஆரம்பகாலம் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும். ஆனாலும் விவரமாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். (அம்மா சொல்லும்போது நான் வருவதே குறைவு.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒஸ்லோவில் ஓர் இரசாயன ஆய்வுகூடத்தில் விக்கார், அதாவது பிள்ளைப்பேற்று விடுமுறையில் போன ஒருவருடைய கதிரையில் தற்காலிகமாக உட்கார்ந்த ஆள். தூள் நிறுப்பது, சிறு போத்தல்களில் போடுவது, பெயர் ஒட்டுவது இவைதான் என் வேலை. நானோ அந்த வெள்ளை அங்கியைக் கழற்றவே மனமில்லாமல், அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி நாங்கள் இருக்கும் குரோருட் பகுதிக் கடையில் வெண்டிக்காய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் நிறுத்த தூளைச் செய்தவர் கார்த்திக். மதுரைக்காரர், எங்கள் குழுவில் ஆராய்ச்சியாளர். பார்த்தால் சாதாரண கோதுமை மா. ஆனால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி அறைகள். ஒரு கரண்டித் தூளின் உட்சுவர்களை எல்லாம் விரித்தால் ஓர் உதைபந்தாட்ட மைதானத்தை மூடலாம் என்று அவர் முதல்நாள் சொன்னபோது, நான் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். தண்ணீரில் இருக்கும் நஞ்சு அந்த அறைகளுக்குள் போய் அகப்பட்டுக்கொள்ளும். கார்த்திக்கின் கனவு அதற்கும் மேலே. தூள் தானாக ஒளிர வேண்டும், நஞ்சு உள்ளே வந்தால் ஒளி மங்க வேண்டும். அப்படி நடந்தால் கையில் ஒரு விளக்கை வைத்துக்கொண்டு எந்த ஊர்க் கிணற்றையும் யாரும் சோதிக்கலாம். எட்டு மாதமாக முயன்றார். தூள் ஒளிரவில்லை.

இது மூன்று நாட்டுக் கூட்டு. ஒஸ்லோவில் தூள் செய்வோம், யப்பானில் ஒசாகாவிலிருக்கும் ஹருகா அதை அளப்பார், லிஸ்பனில் ஒரு குழு தண்ணீரில் போட்டுப் பார்க்கும். அடுத்த ஆண்டும் இதைத் தொடர்வதா என்று மூன்று நாடும் கூடி முடிவெடுக்க இரண்டு கிழமைகள் இருந்தன. தொடராவிட்டால் கார்த்திக் ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். அவருடைய மகள் அப்போதுதான் பார்னஹாகவில், அதுதான் இங்கத்தைய பாலர் பள்ளியில், சேர்ந்து நொஸ்க்கில், அதாவது நோர்வே மொழியில், முதற்சொல்லாக "வேண்டாம்" சொல்லக் கற்றிருந்தாள்.

இனி அம்மா வரவேண்டிய இடம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் அக்காவுக்குக் கல்யாணம். வந்தவர்களுக்குக் குங்குமம் கொடுக்க அழகான சின்னச் சிமிழ் தேடி அம்மா ஒஸ்லோவைச் சல்லடை போட்டார். எங்கள் ஆய்வுகூடத்தில் பழைய அளவுச் சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் ஒரு பெட்டி, எறியக் காத்துக் கிடந்தது. எங்கள் பேராசிரியர் இங்கெரிடம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். கல்யாணம் முடிந்தது, முக்கால்வாசிப் போத்தல்கள் குங்குமத்தோடு வீடு வீடாகப் போயின. மிச்சத்தை அம்மா மறக்கவில்லை.

"பிள்ளை, உந்தப் பெட்டியைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடு. கந்தோர்ச் சாமான் வீட்டிலை கிடக்கக்கூடாது."

"அம்மா, அது எறியச் சொன்ன சாமான்."

"எறியிறதெண்டால் அவையளே எறியட்டும்."

ஒரு திங்கட்கிழமை காலை பெட்டி என் பைக்குள் ஏறியது. வாசலில் நின்று அம்மா ஏதோ சொன்னார். காதில் பாட்டு, கண்ணில் ரி-பான, அதுதான் இங்கத்தைய சுரங்க ரயில். "ஓம், ஓம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். (பிள்ளைகளே, "ஓம் ஓம்" என்பது பதில் அல்ல. அது ஒரு வியாதி.)

அன்றைக்கென்று ஆய்வுகூடத்தில் புதுப் போத்தல்கள் தீர்ந்துபோயிருந்தன. கார்த்திக் புதிய செய்முறையில் செய்த தூளைக் கையில் வைத்துக்கொண்டு நிலைகொள்ளாமல் நடந்தார். எனக்குப் பையிலிருந்த பெட்டி ஞாபகம் வந்தது. பளிச்சென்று இருந்தன போத்தல்கள். தூளைப் போட்டேன், மதுசாரம் (அல்ககோல்) ஊற்றினேன், மூடினேன். சுவரில் பெரிதாக ஒரு விதி ஒட்டியிருக்கும். எதைச் சோதித்தாலும் முதலில் தூள் போடாத வெறும் போத்தலில் மதுசாரத்தை மட்டும் ஊற்றிச் சோதித்துப் பார்க்க வேண்டும். போத்தல் என்றால் போத்தல்தானே, அதற்குள் என்னத்தைப் பார்ப்பது என்று நான் அதைத் தாண்டிப் போனேன்.

யன்னல் இல்லாத சின்ன அறை அது. கார்த்திக் போத்தலைக் குலுக்கினார், நான் ஊதா விளக்கைப் போட்டேன்.

ஒளிர்ந்தது.

பச்சையும் மஞ்சளுமான ஒரு வெளிச்சம், தளிர் வாழையிலையை வெயிலுக்குப் பிடித்தாற்போல. வெறும் கண்ணாடிக்குள் அது மிதந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொய் சொல்லவில்லை, இன்றைக்கு நினைத்தாலும் எறிகிறது. அது என்னவென்று தெரிந்த பிறகுகூட அந்த அழகில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

"என்னங்க இது... பாருங்க, பாருங்க, மின்னுது!" கார்த்திக்கின் குரல் உடைந்தது. "எட்டு மாசங்க கௌசி. எட்டு மாசம்."

"ஓம்," என்றேன்.

இங்கெரைக் கூட்டிவந்தோம். நெடுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "மோசமில்லை" என்றார். நோர்வேக்காரர் வாயிலிருந்து "மோசமில்லை" வருவதும் நம்மவர் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்துவதும் ஒன்று. உடனேயே, "ஹருகாவுக்கு அனுப்புங்கள். அவர் பார்க்கும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றும் சொன்னார்.

அதற்குள் நான் நடைபாதையில் நின்று அம்மாவுக்குச் சொல்லி முடித்திருந்தேன். ("யாருக்கும்" என்பதற்குள் அம்மா அடங்கமாட்டார் என்பது என் வாதம்.) அம்மா சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி நடைபாதையில், பிள்ளைகளுக்காகக் காத்திருந்த தாய்மாருக்குச் சொன்னார். அவர்களில் ஒருவரின் கணவர் தமிழ் வானொலியில் நிகழ்ச்சி செய்பவர். ஞாயிறு பின்னேரம் நான் வானொலியில், "உலகத்தின் குடிநீருக்கு ஒரு புதிய வெளிச்சம்" என்று கதைத்துக்கொண்டிருந்தேன். விக்கார் என்ற சொல்லை எங்கேயும் பாவிக்கவில்லை. அது போதாதென்று, மூன்று நாட்டுக்கும் போகும் எங்கள் கூட்டின் மாதச் செய்தி மடலைத் தொகுப்பதும் நான்தான் (வேறு யாரும் ஏற்கவில்லை). அதில் கடைசியில், "ஒஸ்லோவில் மகிழ்ச்சியான ஒரு வெளிச்சம், விவரம் விரைவில்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

ஒசாகாவிலிருந்து ஹருகா ஒரு வரிதான் எழுதியிருந்தார். ஒளிரும் போத்தல்களோடு அதே பெட்டியிலிருந்து இரண்டு வெறும் போத்தல்களும் அனுப்ப முடியுமா?

"யப்பானிலை போத்தலுக்குப் பஞ்சமோ?" என்று கார்த்திக்கிடம் பகிடி விட்டு, இரண்டை வைத்து அனுப்பினேன்.

முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. திரையில் மூன்று நாடு. ஹருகா மெலிந்த, சத்தம் வராமல் கதைக்கும் பெண். முதலில் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு படத்தைக் காட்டினார். இருட்டில் நான்கு போத்தல்கள், நான்கும் ஒளிர்ந்தன. இடப்பக்கம் இரண்டுக்கும் கீழே "தூள்" என்றிருந்தது. வலப்பக்கம் இரண்டுக்கும் கீழே "வெறும் போத்தல், மதுசாரம் மட்டும்" என்றிருந்தது. வலப்பக்கம்தான் கூடப் பிரகாசம்.

ஹருகா அடுத்த படத்தில் அந்த வெளிச்சத்தை அளந்த ஒரு வளைகோட்டைக் காட்டினார். அதன்மேல் ஏற்கனவே தெரிந்த ஒரு பொருளின் கோட்டை வைத்தார். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாய் அப்படியே படிந்தன.

"மன்னிக்கவும்," என்றார் மறுபடியும். "இது மஞ்சள் என்று நினைக்கிறேன். சமையலுக்குப் போடும் மஞ்சள்."

உலகத்தின் மறுமுனையில் இருக்கும் ஒரு பெண், நான் ஒருநாளும் நேரில் காணாதவள், ஒரு கோட்டைப் பார்த்து எங்கள் குரோருட் வீட்டுக் குசினி அலுமாரியைத் திறந்துவிட்டாள். அவமானத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பிரமிப்புத்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி, ஆனால் அது தன் பெயரைச் சொல்லிக்கொண்டே கடல் தாண்டியிருக்கிறது. கேட்கத் தெரிந்த ஒருத்தி அதைக் கேட்டிருக்கிறாள்.

அவமானம் அடுத்த நொடி வந்தது. எங்கள் அறையிலிருந்த எல்லோரும் கார்த்திக்கைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். நோர்வேயில் யாரும் குற்றம் சாட்டமாட்டார்கள், சுவரைப் பார்ப்பார்கள். கார்த்திக்கின் மதியச் சாப்பாட்டுப் பெட்டியில் நாள் தவறாமல் எலுமிச்சைச் சாதம் இருக்கும் என்பது அந்த மாடி முழுக்கத் தெரியும். லிஸ்பன்காரர் கனிவாகவே கேட்டார், உங்களில் யார் மஞ்சள் போட்டுச் சமைப்பீர்கள் என்று.

கார்த்திக் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார்: "நான் சாப்பிட்டா சோப்பு போட்டுக் கை கழுவிட்டுத்தாங்க உள்ள வருவேன். உங்களுக்குத் தெரியும்ல?"

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்குப் போத்தல் வந்த வழி தெரியும். வாயைத் திறக்காவிட்டால் என் விக்கார் வேலை பத்திரம், அவர் மதுரைக்குப் போய்விடுவார். இரண்டு நிமிடம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டு வெளியே ஓடி, அம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"அம்மா, அண்டைக்கு அந்தப் பெட்டிக்குள்ளை என்ன வைச்சனீங்கள்?"

"வாசலிலை சொன்னனான் தானே. நீயும் ஓம் ஓம் எண்டனீ."

"அம்மா! என்ன வைச்சனீங்கள்?"

"மஞ்சள்தான். ஒருத்தற்றை சாமானைத் திருப்பிக் குடுக்கேக்கை வெறுமையாய்க் குடுக்கிறதே? கல்யாணத்துக்குப் பாவிச்சது, மங்களமா இருக்கட்டுமெண்டு ஒரு துளி பேப்பரிலை மடிச்சு வைச்சனான்." பிறகு கவலையோடு கேட்டார்: "ஏன், அவையளுக்குப் பிடிக்கேல்லையே?"

ஆய்வுகூடத்துக்கு ஓடிப்போய், போத்தல்கள் அடுக்கியிருந்த பெட்டியின் உள்தட்டைத் தூக்கினேன். அடியில் ரி-பான ஓட்டத்தில் பிரிந்துபோன கடதாசி மடிப்பு. மிச்ச மஞ்சள் மூடாமல் அடுக்கியிருந்த எந்தப் போத்தல்களில் போய்ப் படிந்ததென்று கேட்கத் தேவையில்லை.

அந்த மடிப்பைக் கையில் ஏந்திக்கொண்டு போய், மூன்று நாட்டுக்கும் முன்னால் நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். குங்குமம், கந்தோர்ச் சாமான், வெறுமையாகக் கொடுக்கக்கூடாத பாத்திரம், நான் பார்க்காமல் விட்ட வெறும் போத்தல். வானொலியையும் சொன்னேன். (யாரும் கேட்கவில்லை. சொல்லத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

ஹருகா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்துபோனேன், பிறகுதான் தெரிந்தது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இன்னொன்றும் இருக்கிறது. தூள் போட்ட போத்தல்களில் வெளிச்சம் குறைவு. மஞ்சளில் பெரும்பகுதியைத் தூள் உள்ளே இழுத்துவிட்டது போலத் தெரிகிறது. ஒளிரவில்லை. ஆனால் பிடிக்கிறது, நன்றாகப் பிடிக்கிறது. நிச்சயமாகச் சொல்ல இன்னும் ஒரு வருடம் வேண்டும்."

கார்த்திக் மேசையில் முகத்தை வைத்துக்கொண்டார். மூன்று நாடும் அந்த ஒரு வருடத்துக்கு ஓம் சொன்னன. இங்கெர் என்னிடம், "அடுத்த மடலில் திருத்தம் எழுது" என்றார். பிறகு, சற்றுத் தயங்கி, "வெறுமையாகக் கொடுக்கவே கூடாதா? ஒருபோதும்?" என்று கேட்டார்.

மடலில் திருத்தம் எழுதினேன். வானொலிக்கான திருத்தத்தைத் தானே பார்த்துக்கொள்வதாக அம்மா ஏற்றுக்கொண்டார். தமிழ்ப்பள்ளி நடைபாதையில் அவர் கொடுத்த அறிக்கை பின்வருமாறு: "என்ரை மஞ்சளை யப்பானுக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சவை. அசல் மஞ்சளாம், ஒரு கலப்படமும் இல்லையாம்." அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு அந்த மஞ்சள் எங்கே வாங்கினதென்று கேட்டு வீட்டுக்கு ஃபோன் வந்தது.

சில கிழமைகள் கழித்து ஒசாகாவிலிருந்து ஒரு பொதி வந்தது. நான் அனுப்பிய போத்தல்கள் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன. நடுவில் மடித்த கடதாசிக்குள் நட்சத்திரம் நட்சத்திரமாகச் சீனி மிட்டாய்கள், கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அறிந்தேன். விளக்கில் பார்த்துவிட்டேன், ஒளிரவில்லை." அம்மா அதை என்னை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "பாத்தியே, அதுதான் வளர்ப்பு" என்றார், என்னைப் பார்த்துக்கொண்டே.

கார்த்திக் இப்போதும் இங்கேதான். மகள் இப்போது எல்லாமே நொஸ்க்கில் கதைக்கிறாள், "வேண்டாம்" மட்டும் தமிழில். எனக்கும் பிறகு நிரந்தர வேலை கிடைத்தது. வெறும் போத்தலைப் பார்க்கும் அந்த முதல் சோதனைக்கு இப்போது மூன்று நாட்டு ஆய்வுகூடங்களிலும் "அம்மா" என்றுதான் பெயர். "அம்மா பார்த்தாயிற்றா?" என்று லிஸ்பன்காரர் கேட்கும்போது எனக்கு இன்னும் ஒரு கணம் முதுகு நிமிரும்.

வீட்டில்தான் விமோசனமில்லை. அக்கா வீட்டுச் சட்டியில் நான் என்னத்தைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாலும், அக்கா அதை வாங்கி, யன்னலடிக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்து, குனிந்து நெடுநேரம் பார்ப்பாள். அத்தான், பிள்ளைகள், அம்மா எல்லோரும் காத்து நிற்பார்கள். பிறகு நிமிர்ந்து, இங்கெருடைய அதே முகத்தோடு சொல்வாள்:

"மோசமில்லை."